ஏழாவது அத்தியாயம் மட்டும் இழுவை

என் பெரியப்பா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுங்க... அடக்குங்க... விடுங்க" என்று ஒரு நாளைக்கு எண்பது பேரிடமாவது சொல்வார். ஒருவர் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் கிடைக்கும் நேரத்தில், பழைய எக்ஸ்ரே உறைகளின் பின்பக்கத்தில் நாவல் எழுதுவார். இதுவரை எட்டு நாவல்கள் அச்சாகியிருக்கின்றன. வாங்கிப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் எலும்பு முறிந்து அவரிடம் வந்தவர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கிடந்த நான், இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் தொடங்கினேன். அன்று மாலைக்குள் காவலாளி முதல் பெரிய டாக்டர்வரை எல்லோரிடமும் கைபேசியை நீட்டிக் காட்டிவிட்டார்.

மூன்றாம் நாள், பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது. இந்த எழுத்தாளருக்குத் தனிப் பக்கம் பெறும் தகுதி உண்டா என்று ஏழு நாள் விவாதம் நடக்கும். தேறாவிட்டால் நீக்கிவிடுவார்கள். விவாதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெரியப்பா ஒரு வரி விடாமல் படித்தார்.

"கேள்விப்பட்டதே இல்லை, நீக்கலாம்" என்று இருவர் எழுதினார்கள். ஒருவர் மட்டும் மெனக்கெட்டுத் தேடி, ஒரு சிற்றிதழில் வந்த கட்டுரையைக் கண்டுபிடித்தார். "எழுத்தாளருக்குத் தொடர்பில்லாத ஒருவர் எழுதிய இன்னொரு விமர்சனம் இருந்தால், வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பத்திரிகைத் துண்டு தொங்குகிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஞாயிறு இணைப்பில், அவருடைய முதல் நாவலுக்கு வந்த விமர்சனம். 'மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் எழுத்து. ஏழாவது அத்தியாயம் மட்டும் இழுவை.' அதற்குப் பிறகு எந்த நாவலிலும் அவர் ஏழாவது அத்தியாயத்தை நான்கு பக்கத்துக்கு மேல் விட்டதில்லை.

படம் எடுத்துப் போட்டேன். மறுநாள் அந்த நல்ல மனிதர் கேட்டார்: "விமர்சகர் பெயர் இல்லை, இரண்டு எழுத்துகள்தான் இருக்கின்றன. இவர் யார்? நூலாசிரியருக்கு வேண்டியவர் இல்லையே?"

"முகம் தெரியாத மனுஷன்னு போடும்மா!" என்றார் பெரியப்பா.

"அம்மாடி, இங்க கொஞ்சம் வா" என்று சமையலறையிலிருந்து பெரியம்மா கூப்பிட்டாள். போனேன். கதவைச் சாத்திவிட்டு மிக்ஸியை ஓடவிட்டாள். அதில் ஒன்றும் இல்லை.

"அதை எழுதினது நான்தான்டி."

சாத்திய கதவை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

"புஸ்தகம் வந்து ஆறு மாசம், ஞாயித்துக்கிழமை ஆனா பேப்பரைப் புரட்டிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உட்காருவார். பார்க்கச் சகிக்கலை. எங்கப்பா பேர்ல ரெண்டு எழுத்தை எடுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"அப்போ அந்த ஏழாவது அத்தியாயம்?"

"அது நெஜமாவே இழுவைதான்டி."

"ஏய், என்ன அரைக்கிற இவ்வளவு நேரமா?" கூடத்திலிருந்து குரல் வந்தது.

"உங்க தலையை!" என்று கத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதே."

வேண்டியவர் இல்லை என்று எழுதினால் பக்கம் நிற்கும். ஆனால் எங்களுக்காக மெனக்கெட்ட ஒரே ஆளிடம் பொய் சொல்ல வேண்டும். உண்மையை எழுதினால் பெரியப்பா படிப்பார். தட்டச்சு செய்தேன், அழித்தேன். இப்படியே நான்கு நாள் போயிற்று.

"பதில் போட்டியா?" என்று தினமும் கேட்டார்.

"அவர் யாருன்னு தேடிட்டிருக்கேன் பெரியப்பா."

ஏழாம் நாள் தீர்ப்பு வந்தது: 'விமர்சகர் யாரென்று தெரியவில்லை. கேட்டும் பதில் இல்லை. நீக்கப்படுகிறது.'

பெரியப்பா கைபேசியைக் கொஞ்ச நேரம், எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கீழே வைத்தார்.

"போனா போகட்டும். நீ அந்த மனுஷனைத் தேடுறதை மட்டும் விட்டுடாதேம்மா. ஒன்பதாவது நாவல் முடியப்போகுது. முதல் பிரதி அவருக்குத்தான்."

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா திரும்பாமலே கேட்டாள்: "ஏழாவது அத்தியாயம் எத்தனை பக்கம்?"

"மூணே மூணு" என்றார், பெருமையாக.

பிறகு என்னைப் பார்த்தார். "தேடுறேன் பெரியப்பா" என்றேன்.