சுழிக்கல்லும் ரசம் சாதமும்

“அந்தக் கல்லத் தொட்டா நீயும் ராஜா காலத்துக்குப் போயிடுவியாம்மா?”

நான்கு வயது மகள் ரசம் சாதத்தை வாயில் அடக்கிக்கொண்டு கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

தவறு என்னுடையதுதான். அவளுக்குச் சாப்பாடு ஊட்டும்போது நான் படித்துக்கொண்டிருந்த நாவலையே கதையாகச் சொன்னேன். அதில் இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி சுழி போட்ட ஒரு கல்லைத் தொட்டதும் ராஜா காலத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே அரசியின் மோதிரம் திருடு போகிறது. அரண்மனைக் காவலன் ஒருவன்மேல் அவளுக்குக் காதலும் வருகிறது. ஓர் அத்தியாயம் அங்கே, ஓர் அத்தியாயம் இங்கே. மகள் அங்கே நடப்பதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பாள். காதல் இடங்கள் வந்தால் நான் தடுமாறுவேன்.

“அப்புறம் ரெண்டு பேரும் என்ன பண்ணாங்க?”

“தண்ணி குடிச்சாங்க.”

அந்தக் காலத்தில் அவர்கள் ஓயாமல் தண்ணீர் குடித்தார்கள்.

அரியலூர்ப் பக்கத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, ரோட்டோரச் சரளையில் நத்தை போலச் சுருண்ட ஒரு கல்லை மகள் பொறுக்கினாள். எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, இந்த மாதிரிக் கற்கள் அந்தக் கடலின் உயிரிகள் கல்லானவை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறேன். அதைச் சொல்லாமல், “கதையில வர்ற கல்லு மாதிரியே இருக்குல்ல?” என்று சொல்லிவைத்தேன். அன்று தட்டு காலியானது.

பெரம்பலூர் திரும்பிய பிறகு, நாயகி ராஜா காலத்திலேயே தங்கிவிட நினைக்கும் அத்தியாயம் வந்தது. மகள் மெல்லுவதை நிறுத்தினாள். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

“பாப்போம், மொதல்ல முழுங்கு” என்றேன்.

மறுநாள் கல்லைக் காணவில்லை. தேடினால், பூஜை அலமாரியில் பெருமாள் படத்துக்கு முன்னால் குங்குமப் பொட்டோடு இருக்கிறது.

“உம் பொண்ணுதான் கொண்டாந்து குடுத்தா. கல்லுல சக்கரம் பாத்தியா, சாளக்கிராமம், பெருமாளே வூடு தேடி வந்துருக்காரு” என்றார் மாமியார். “குளிக்காமத் தொடக்கூடாதுன்னு சொன்னேன். அதுக்கு அவ, குளிச்சாலும் அம்மா தொடக்கூடாதுங்குறா. ஏம்மா, நீ என்ன பண்ணுன?”

“ஒண்ணும் இல்லைங்க அத்தை.”

இப்போது கல்லுக்குத் தினமும் பால் அபிஷேகம். நான் விளக்கேற்றப் போனால் மகள் ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள். “பெருமாள் வந்ததுலேருந்து புள்ள நல்லாச் சாப்புடுது” என்று மாமியார் தெருவெல்லாம் சொல்கிறார். “பேசாம டிவியப் போட்டு ஊட்டு” என்கிறார் கணவர்.

கடைசி அத்தியாயத்தை நான் மட்டும் படித்துவிட்டேன். நாயகி திரும்பி வரவில்லை. அதை எப்படிச் சொல்வேன்? அதனால் நானே நடுவில் அத்தியாயங்களைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்த மோதிரம் மறுபடியும் மறுபடியும் தொலைகிறது. காவலன் குடித்த தண்ணீருக்கு ஒரு கிணறே வற்றியிருக்கும்.

கல்லில் மந்திரம் எதுவும் இல்லை என்று சொன்னால் முந்தானை தப்பும். ஆனால் சாப்பாடு நின்றுவிடும். மாமியாரின் பெருமாளும் வெறும் நத்தையாகிவிடுவார். சொல்லாவிட்டால், அம்மா ஒருநாள் போய்விடுவாள் என்ற பயத்தோடுதான் பிள்ளை ஒவ்வொரு வாயையும் விழுங்குவாள்.

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். உண்மையைச் சொல்லிவிடலாமா, இல்லை நாயகியைத் திரும்ப வரவழைத்துவிடலாமா? வரவழைப்பதென்றால், அந்தக் காவலனை என்ன செய்வது?