சங்கத் தலைவி சொன்ன பெயர்கள்

ஐந்தாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனபோது நான் வேலை செய்கிற கந்தோரில் எனக்கு ஆறு கிழமை லீவு தந்தார்கள். கணவர் உயிலங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். காலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் போன பிறகு மன்னார் வீட்டில் நானும் அவருடைய லப்டொப்பும்தான். அதில் அவர் எப்போதோ விளையாடிவிட்டு விட்ட ஒரு கேம் இருந்தது. வாள், மந்திரம், பனிமலை. அதற்குள் ஒரு கொலையாளர் சங்கமும் இருந்தது. நான் அதில் சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். "அடுத்த வருசம் ஆண்டவர் தருவார், யோசியாதேங்கோ" என்றார்கள். சங்கத் தலைவி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொன்னாள். போய் முடித்துவிட்டு வந்தேன். முடிந்ததா என்று கேட்டாள். அடுத்த பெயரைச் சொன்னாள்.

ஒரு பிச்சைக்காரன். ஒரு மாலுமி. கல்யாணப் பந்தலில் வைத்து ஒரு மணப்பெண். முதல் நாளாவது விரல் தயங்கும் என்று நினைத்தேன். தயங்கவில்லை. வெளியே காற்று மணலை அள்ளி யன்னலில் எறிந்துகொண்டிருந்தது. பிஸ்கட் தின்றபடியே கொன்றேன்.

ஒரு மத்தியானம் கணவர் வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன சேட்டைக்கூட மாற்றாமல் என் பின்னால் நின்று பார்த்தார். அப்போதுதான் ஒரு சத்திரக்காரியை முடித்திருந்தேன். கேமின் தொடக்கத்தில் மழையில் நனைந்து வந்த எனக்குச் சூப்பும் படுக்கையும் சும்மா தந்தவள் அவள்.

"இது அந்தச் சத்திரக்காரியல்லோ?"

"ஓம்."

"கொல்லாமல் விட வழியில்லையோ?"

"இருக்கு. தப்பி ஓடச் சொல்லிப்போட்டுத் தலைவியிட்டப் பொய் சொல்லலாம்."

"பிறகேன் முடிச்சனீர்?"

"தெரியேல்ல. சோறு மூடி வைச்சிருக்கு, சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிட்டார். பின்னேரம் தேத்தண்ணிக்குப் பிறகு லப்டொப்பை எடுத்துத் தனக்கென்று புதிதாக ஒரு வீரனைத் தொடங்கினார். சங்கத்தில் சேராமல், அவர்களின் குகை இருக்குமிடத்தை அரசனின் காவலர்களுக்குக் காட்டிக்கொடுக்கிற வழி அது. மூன்று பின்னேரம் விளையாடினார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் குகைக்குள் இருந்த எல்லாரையும் வெட்டினார். தலைவியையும். அவள் விழுந்தபோதும் எனக்கு எதுவும் வரவில்லை.

அவர் லப்டொப்பில் இருந்து கையை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு இப்ப எப்பிடியிருக்கு?"

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் ஊரே கேட்ட கேள்வியை அவர் மட்டும் அன்றுவரை கேட்டதில்லை.

"ஒண்டும் இல்லை. அழுகையும் வரேல்ல, ஒண்டும் வரேல்ல" என்றேன்.

"எனக்கும் அப்பிடித்தான். வகுப்பில நிண்டு கதைக்கிறன். என்ன கதைக்கிறன் எண்டு எனக்கே விளங்குறேல்ல."

அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் வழமைபோல இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. சந்தையில் பாரை மீன் வாங்கிவந்தார். இருவரும் குசினியில் நின்று வெட்டிக் கழுவினோம். நான் புளி கரைத்தேன். அவர் தேங்காய் திருவினார். குழம்பில் உப்புக் கூடிவிட்டது, அதைச் சொல்லாமல் இருவரும் சாப்பிட்டோம்.