சூசையோடு போன கோட்டு

எத்தனை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டு அந்துருண்டை வாசம் போக மாட்டேன் என்கிறது.

வெளியே எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல் நிற மேகம் வந்து வீட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை...

துபாயிலிருந்து என் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். ஆம்பளைகள் கொஞ்சத் துணியோடு ஊர் சுற்றுவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரப் பையன் பாடம் எடுக்கிறான். ஒன்றோடொன்று சேரும் கலரில் சில உருப்படி, ஒரே பை, அவ்வளவுதானாம். இதை ராயபுரத்தில் நான் அப்போதே கண்டுபிடித்துவிட்டேன் நண்பர்களே. எட்டாவது தாண்டாதவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கப்பல் வேலை இன்டர்வியூவுக்கு நானும் என் தோஸ்து சூசையும் பம்பாய் ரயில் ஏறினோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ரெக்சின் பை. அடுக்கியது நான். பேண்ட் எல்லாம் கருநீலம், ஆயில் பட்டாலும் தெரியாது. சட்டை எல்லாம் வெளிர் கலர், எதுவும் எதோடும் சேரும். ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு, ஒரே கால். அதனால் ஷூவும் ஒரே ஜோடிதான். அவன் உள்ளே போகும்போது நான் வெளியே ரப்பர் செருப்போடு நிற்பேன்.

மூன்று வேலை செய்யாத துணிக்கு என் பையில் இடமே கிடையாது. லுங்கியை எடுத்துக்கொள்ளுங்கள்... கட்டலாம், போர்த்தலாம், தலை துவட்டலாம், ரயிலில் திரையாகப் பிடித்துக்கொண்டு உள்ளே உடை மாற்றலாம். பிற்பாடு ஒரு ஜப்பான் கேப்டன் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். சத்தியமாக.

பைக்கு மேலே, இன்டர்வியூவில் மாற்றி மாற்றிப் போட, மடித்து வைத்தது ஒரு கறுப்புக் கோட்டு. என் கல்யாணத்துக்காக அப்பா முன்கூட்டியே தண்டையார்பேட்டையில் தைத்தது. லண்டன் துணி, அந்த மாதிரி துணி அதற்கப்புறம் மெட்ராஸுக்கே வரவில்லை.

எங்கள் தெருவில் கோட்டு என்பது லேசுப்பட்டதில்லை. மாப்பிள்ளையாக மாதா கோயிலுக்குள் நுழையும்போது போடுவது. கடைசியில் பெட்டிக்குள் படுக்க வைக்கும்போதும் அதையே போட்டுத்தான் அனுப்புவார்கள்.

பம்பாயில் முதலில் சூசையை எடுத்தார்கள். மறுநாளே ஏறணும். பனி கொட்டும் தேசத்துக்குப் போகிற கப்பல். பையன் முகம் வெளுத்துவிட்டது.

"மாமு, அங்க ஐஸ் கொட்டுமாம்டா. இந்த சட்டையோட போனா வெறச்சிகினு செத்துடுவன்."

கோட்டை எடுத்து நானே மாட்டிவிட்டேன்.

"போட்டுக்கினு போடா. ஈஸ்டருக்கு அப்பால என் கல்யாணம். அதுக்குள்ள கோட்டு வூட்டுக்கு வந்துடணும்."

"நான் வரலன்னாலும் கோட்டு வரும் மாமு."

ஈஸ்டர் போய்விட்டது. கோட்டு வரவில்லை. அப்பா தினமும் பிடித்துக்கொண்டார்.

"கோட்டு எங்கடா?"

"வந்துகினு கீதுப்பா."

"இன்னா, நடந்து வருதா? வாடகைக் கோட்டு மாட்டிகினு நின்னேன்னு வையி, நான் கோயில் படி மிதிக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அந்த மனுஷன்.

கல்யாணத்தன்று காலை. பந்தல் போட்டாயிற்று, பேண்டுக்காரர்கள் வந்தாயிற்று, மாப்பிள்ளை பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது சொட்டச் சொட்ட நனைந்து ஒருவர் உள்ளே வந்தார். கத்திவாக்கத்து மீன்காரர் குப்பன் அண்ணன். கையில் பிளாஸ்டிக் பை.

"மாப்ள நீதான நைனா? ஆர்பருக்கு வெளிய ஒரு கப்பலு எடம் கெடைக்காம நிக்குது. ஒருத்தரையும் எறங்க உடல போல. மேலேர்ந்து ஒருத்தன் கயித்துல கட்டி எங்க போட்டுல எறக்கினான். ராயபுரம் மாப்ளைக்கு குடுத்துடுன்னு ஒரே கூவல்."

அந்தக் கோட்டுக்காகவே நின்ற கப்பல் அது. நான் தாலி கட்டும்போது ஹாரன் அடித்தார்கள் பாருங்கள், காசிமேடு வரைக்கும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "இன்னாய்யா, கோட்டுல நெத்திலி வாசன வருது?"

...

போன வாரம் சூசை போய்விட்டான்.

மாத்தூரில் மூத்த மகன் வீட்டில்தான் இருந்தான். வியாதி அவனை உருக்கி, மறுபடி அந்தப் பம்பாய்ப் பையன் அளவுக்கே கொண்டுவந்து விட்டிருந்தது. பிள்ளைகள் வாங்கித் தந்த கோட்டுகள் பீரோ நிறையத் தொங்குகின்றன. எதைப் போட்டாலும் தோளில் நிற்கவில்லை, தொளதொள என்று சரிகிறது.

"அங்கிள், முதுகுப் பக்கமா மடிச்சி பின் குத்திடலாமா?" என்றான் சின்னவன்.

"உங்கப்பன் இன்னா ஜவுளிக்கடை பொம்மையாடா?"

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஸ்டெல்லா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அது ஒனக்குன்னு வெச்சதாச்சேய்யா... அப்ப ஒனக்கு?"

"எனக்கு லுங்கி போதும்டி."

அவள் சிரிக்கவில்லை. வழியை மட்டும் விட்டாள்.

நானும் சின்னவனும்தான் மாட்டிவிட்டோம். கை மடங்கவில்லை, கொஞ்சம் கஷ்டப்பட்டோம். ஆனால் தோள்... அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பாக்கெட்டில் ஒரு அந்துருண்டை கிடந்தது. அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், வீடியோ பார்த்தாயா என்று. பார்த்தேன். நல்லாத்தான் சொல்கிறான் அந்தப் பையன். ஆனால் அவன் பையில் எல்லாம் ஒருத்தனுக்கு மட்டும்தான். எங்களுக்கு அன்றைக்கு ரெண்டு பேருக்கு ஒரு கோட்டு இருந்தது. கடல் தாண்டிப் போனாலும் அதை எப்படியாவது திருப்பி அனுப்பிவிட ஒரு ஆளும் இருந்தான்.

நேற்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் கடற்கரைப் பக்கம் போய் நின்றேன். வெளியே கப்பல்கள் இடம் கிடைக்காமல் வரிசையாக நிற்கின்றன.

எதிலிருந்தும் யாரும் கயிறு இறக்கவில்லை.