நகர்கிற கல்லுக்கு ஒரு பதிப்பாளர்

முதல் பேய் நாவலுக்குப் பதிப்பாளர் தேடுவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டையர்டு ஆகவும் விடமாட்டார்கள்.

நான் முப்பத்துநான்கு வருஷம் சர்வேயர். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் நான் சங்கிலி போட்டு அளக்காத காடு தோட்டம் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு மோகனூரில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினேன். ஒரு விவசாயி. அவர் காட்டின் வடமேற்கு மூலையில் ஒரு எல்லைக் கல். அது தினமும் ஒரு விரற்கடை உள்ளே நகர்கிறது. யாரும் நகர்த்தவில்லை. கடைசி அத்தியாயத்தில் கல் அவர் வாசற்படிக்கு வந்து நிற்கிறது. அவ்வளவுதான் கதை. ரத்தம் இல்லை. வெள்ளைப் புடவை இல்லை.

எழுதியது இரண்டு வருஷம். போடுவதற்கு ஆள் தேடியது மூன்று வருஷம். போன ஆடியில் வெறுத்துப்போய் வீட்டில் சொல்லிவிட்டேன்: வருகிற காப்புக்கட்டுக்குள் எவனும் எடுக்காவிட்டால் கட்டோடு பழைய பேப்பர்காரனுக்கு. பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டைச் சுத்தம் செய்து, வீட்டிலும் காட்டு மூலையிலும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ செருகுவோமே, அந்த நாள். சொன்னால் சொன்னதுதான். அதற்கப்புறம் பேனாவைத் தொடுவதில்லை என்றும் முடிவு.

கையில் கட்டோடு அலைகிற சக அலைச்சல்காரர்களே, ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

பட்டினி

முதலில் படித்தது என் மனைவி சரசு. மதியம் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். நாளைக்கு இருபது பக்கம். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பயம் தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிற முகம்தான்.

பத்தாம் நாள் முடித்தாள். காகிதக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "எப்படி இருக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லு" என்றேன். சொன்னாள்:

"கல்லு நகர்றதெல்லாம் செரிங்க. அந்த வெவசாயி ஊட்டுக்காரிக்கு இருநூறு பக்கத்துல ஒரு வாய் சோறு போட்டீங்களா நீங்க? பயப்படறதுக்காச்சும் தெம்பு வேண்டாமுங்களா?"

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் ராகிக்களியும் கீரைக் கடைசலும் சேர்த்தேன்.

ஏஜெண்டு

பெங்களூரில் இருக்கிற என் மகள் போனில் சொன்னாள், வெளிநாட்டில் எல்லாம் எழுதுகிறவனுக்கு ஒரு ஏஜெண்டு இருப்பாராம். அவர்தான் பதிப்பாளரிடம் பேசுவாராம். எழுதுகிறவன் வாயைத் திறக்கவே வேண்டாமாம். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நம் பக்கம் ஏஜெண்டு என்றால் முட்டைக்கு உண்டு, இன்சூரன்சுக்கு உண்டு, லாரிக்கு உண்டு. நாவலுக்கு இல்லை.

பரமத்தி வேலூரில் செல்லமுத்து என்று ஒரு நிலத் தரகர். என் சர்வீஸ் முழுக்கக் கூடவே திரிந்த ஆள். விஷயத்தைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாறைக்காட்டையே தோப்புன்னு வித்துக் குடுத்திருக்கறன், ஒரு புக்கை விக்க மாட்டனா? குடுங்க இப்புடி" என்று வாங்கிக்கொண்டு போனார். நாலு நாள் போன் இல்லை. ஐந்தாம் நாள் டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கினார். வண்டியை நிறுத்தக்கூட இல்லை. காம்பவுண்டுச் சுவர் மேல் நாவல் கட்டை வைத்தார். கையை எடுத்துக் கும்பிட்டார்.

"சர்வேயரய்யா, ஊர்ல எத்தனையோ பேய் இருக்குது, எதை வேணும்னாலும் எழுதுங்க, நான் விக்கறேன். இது மட்டும் வெளிய வந்துச்சுன்னா இந்தத் தாலுக்காவுல ஒருத்தன் நெலம் வாங்குவானுங்களா?"

துணைக்கு ஒரு ஆள்

கையெழுத்துப் பிரதியை எந்தப் பதிப்பாளரும் தொடமாட்டேன் என்கிறார்கள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கவிதா என்ற பெண் டைப் அடித்துக் கொடுத்தது. வேகமான கை. பத்து அத்தியாயம் ஒரு வாரத்தில் முடிந்தது. பதினொன்றாவது மட்டும் வரவே இல்லை. கல் கிணற்றைத் தாண்டுகிற அத்தியாயம் அது. கேட்கப் போனேன். பட்டப்பகல் பன்னிரண்டு மணி. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கவிதாவின் மாமியாராம். எதற்கு இவர் இங்கே என்றேன். கவிதா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னது:

"எங்க காடும் வடமேக்குல கெணறுதானுங்க. அத்தை பக்கத்துல இருந்தாத்தான் கை ஓடுதுங்க."

நாவல் எழுதியதிலிருந்து அன்றைக்குத்தான் ஒரு டீயை ருசித்துக் குடித்தேன்.

ஓரமாக வைக்கலாமே

கவிதா கொடுத்த தைரியத்தில் சென்னைக்கு அனுப்பினேன். பெரிய பதிப்பகம். எட்டு மாதம் கழித்து ஒரு பெண் பேசியது. நல்ல பெண். சின்ன வயசு. முழுதும் படித்திருந்தது, அதுவே பெரிய விஷயம். மொழி நன்றாக இருக்கிறது என்றது. தொண்ணூற்றாறாம் பக்கத்துக் களி ரொம்பப் பிடித்தது என்றது. இதைச் சொன்னதும் சமையலறையில் சரசு கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஆனா பயம் எங்க வருதுன்னு எனக்குப் புரியல சார்" என்றது. நான் விளக்கினேன். ஒரு அடி நிலத்துக்காக முப்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன் அம்மணி. அண்ணன் செத்ததுக்குப் போகாத தம்பியைப் பார்த்திருக்கிறேன். கல் அசைந்தால் அங்கே அப்பன், பாட்டன், பேரன் எல்லாம் அசைவார்கள். இதைவிட என்ன பேய் வேண்டும்? எனக்கு இவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. மூச்சு வாங்கியது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டது. நாங்கள் ஏழாவது மாடியில் இருக்கிறோம் சார் என்றது. அப்புறம், எனக்கு உதவி செய்கிற நல்ல மனசோடு, கேட்டது:

"அந்தக் கல்லைத் தூக்கி ஓரமா வெச்சுட்டா ப்ராப்ளம் சால்வ் ஆயிடும் இல்ல சார்?"

சொந்தக்காரர்கள்

அடுத்தது சேலத்தில் ஒருவர். பள்ளிக்கூட நோட்ஸ் போட்டு நன்றாக இருக்கிற மனுஷன். கட்டைத் தூக்கி எடை பார்த்தார். உள்ளே திறக்கவில்லை. "உங்களுக்குச் சொந்தக்காரங்க எத்தனை பேருங்க?" என்றார். எதற்கு என்றேன். கல்யாண மண்டபத்தில் வெளியீடு வைத்தால் வீட்டுக்கு ஒன்று வாங்குவார்களாம். அதை நம்பித்தான் முதல் நாவல் போடுவதாம்.

யோசித்தேன். என் அண்ணன் கேட்டுக்கொண்டதால் அவர் காட்டை அளந்தேன். இரண்டடி பக்கத்துக்காரன் பக்கம் போயிற்று. அண்ணன் பேசுவதில்லை. மச்சான் வகையில் ஒரு வண்டித்தடம் அளந்தேன். அது அவர்கள் தடமே இல்லை. அந்த வகையறா முழுக்கப் பேசுவதில்லை. சித்தப்பா மக்கள் மூன்று பேரில் ஒருத்தர் பேசுகிறார், அவர் காட்டை நான் இன்னும் அளக்கவில்லை. ஒளிக்காமல் சொன்னேன். அவர் கட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"மொதல்ல ஒரு கெடா வெட்டி எல்லாத்தையும் கூப்புட்டு ராசியாகுங்க அய்யா. பொஸ்தகம் எங்கீங்க ஓடிப்போகுது?"

காப்புக்கட்டு

கடைசியாகச் சேலம் அஸ்தம்பட்டி. பல் ஆஸ்பத்திரிக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. ஐம்பது வயசு ஆள். நாமக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர், பிழைப்புக்குச் சேலம் வந்து, இருக்கிற காசுக்கு வருஷம் நாலு புத்தகம் போடுகிறவர். புரட்டாசியில் கொடுத்தேன். ஐப்பசியில் போனேன், படிக்கவில்லை. கார்த்திகையில் போனேன்; படிக்கவில்லை. மார்கழியில் போனபோது கட்டு நான் வைத்த இடத்திலேயே இருந்தது. மேலே ஒரு டீ டம்ளர் வட்டம் மட்டும் புதுசு. "பொங்கலுக்கு ஊருக்குப் போறனுங்க, அங்க போயிப் படிச்சர்றேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் படி தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினேன்.

காப்புக்கட்டு அன்று காலை பழைய பேப்பர்காரன் வந்தான். வீட்டிலிருந்த கையெழுத்துப் பிரதியையும் எடுத்துப் போடு என்று சரசுவிடம் சொல்லிவிட்டுக் காவேரிக்குக் குளிக்கப் போனேன். நின்று பார்க்க மனசில்லை. திரும்பி வந்தபோது வாசல் சுத்தமாக இருந்தது. பேப்பர்காரன் போய்விட்டான். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வாசல் நிலையில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அஸ்தம்பட்டிக்காரர். எடுத்த எடுப்பில் கேட்டார்:

"சர்வேயரய்யா, டேப்பை எந்தப் பக்கமிருந்து புடிக்கறதுங்க?"

எங்கே நிற்கிறீர்கள் என்றேன். காட்டில் காப்புச் செருக வந்தாராம். கையில் பூளைப்பூ. வடமேற்கு மூலை. நேற்று மத்தியானம் பதினொன்றாம் அத்தியாயம் வரைக்கும் படித்தாராம். அதற்கு மேல் படிக்கவில்லையாம். கிணற்று மேட்டிலிருந்து கல்லுக்குத் தொண்ணூற்றிரண்டு அடி என்று அவர் அப்பா டைரியில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது நாலு விரற்கடை சேர்த்து வருகிறது.

"சேர்த்து வந்தா உங்களுக்கு லாபம்தானே?" என்றேன்.

"ஐயோ, கல்லு பங்காளி காட்டுக்குள்ள போயிருச்சுங்க! அவன் இங்கதான் நிக்கறான், நான் டேப்பு புடிக்கறதையே பாத்துக்கிட்டு!"

குரல் நடுங்கியது. ஐந்து வருஷமாக அந்த நடுக்கத்துக்குத்தான் காத்திருந்தேன். இருந்தாலும் உத்தியோகப் பழக்கம் விடுமா?

"டேப்பு நடுவுல தொங்குதா?"

"அறுத்துப் போட்ட சோளத்தட்டு மேல கெடக்குதுங்க."

"தட்டைத் தள்ளிவிட்டு இழுத்துப் பிடிங்க. நல்லா."

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். யாரோ யாரையோ "அந்தத் தலைப்ப உடாத புடி" என்று அதட்டினார்கள். அப்புறம் பெரிய மூச்சு ஒன்று. தொண்ணூற்றிரண்டேதான்.

"பொஸ்தகம் போட்டர்றனுங்க" என்றார். கையிலிருந்த வேப்பிலையைச் செருகி முடித்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சேர்த்தார்:

"ஆனா ஒரே ஒரு கண்டிசனுங்க. தை பொறந்ததும் நீங்களே ஒருக்கா நேர்ல வந்து கல்லை அளந்து, எங்க பங்காளி முன்னால சரியா இருக்குதுன்னு சொல்லிப்போடணும். அதுக்கப்பறம்தான் மீதியைப் படிப்பேன்."

போனை வைத்தேன். சரசு உள்ளே போய் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தாள். கையெழுத்துக் கட்டை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, மேலே ஒரு கொத்து ஆவாரம்பூ வைத்து என்னிடம் நீட்டினாள்.

"அந்தக் களிக்கு மேலே கொஞ்சம் நெய் ஊத்தி எழுதிருங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னால."

ஆகவே சக அலைச்சல்காரர்களே, முதல் பேய் நாவலைத் திருப்பித் தந்தால் கதையைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், பங்காளியோடு பொது எல்லை வைத்திருக்கிற பதிப்பாளராகப் பார்த்துப் பிடியுங்கள்.