ரொட்டியில் இருந்த பெயர்

விதாலிஸுக்கு அந்த ஒரு சொல்லின் மேல் பத்தொன்பது வருஷக் கோபம். தோமினே. எஜமானே என்று பொருள். அடிமை, தன்னை விலை கொடுத்து வாங்கியவனைக் கூப்பிடுகிற சொல். ரோமானிய ஊரான பொம்பெயியின் பெரிய மனிதர்களோ அதைத் தெருவில் அள்ளி இறைத்தார்கள். எதிரே வருகிறவன் பெயர் ஞாபகம் வராவிட்டால், "தோமினே, சௌக்கியமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டவன் குளிர்ந்துபோவான். விதாலிஸ் பத்தொன்பது வருஷமாகச் சுவரில் தேர்தல் விளம்பரம் எழுதுகிறவன். லார்கியுஸின் பெயரை இந்த ஊர்ச் சுவர்களில் நூறு தடவை எழுதியிருப்பான். அந்த லார்கியுஸ் அவனையும் ஏணிக்குக் கீழே நின்று தோமினே என்றுதான் கூப்பிடுவார்.

தன்னைச் சொன்னதை அவன் துடைத்துப் போட்டுவிட்டான். மாஸ்க்லுஸைச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

மாஸ்க்லுஸ் ரொட்டிக்காரன். ஏழு வயதில் கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்டவன். லார்கியுஸின் அப்பா வாங்கினார். திரிகையில் கழுதையோடு கழுதையாகச் சுற்றினான். முழங்கைக்குக் கீழே அடுப்புச் சூடு பட்ட தழும்பு, படிக்கட்டு மாதிரி. பெரியவர் சாகும்போது உயிலில் அவனை விடுதலை செய்தார். விடுதலையானவனுக்கு எஜமான் குடும்பத்தின் பெயர் சேரும். அவனும் மார்க்குஸ் லார்கியுஸ் மாஸ்க்லுஸ் ஆனான். லார்கியுஸ் குடும்பத்துக் கடையையே வாடகைக்குப் பிடித்தான். ஒவ்வொரு ரொட்டியிலும் அச்சுக்கட்டையால் தன் பெயரைக் குத்தினான். தினம் விடிந்ததும் முதல் நாலு ரொட்டி லார்கியுஸ் வீட்டுக்குப் போகும். அவனும் கூடப் போய் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வருவான்.

"இன்னைக்கும் என்னை தோமினேன்னாருய்யா. யாரு? நான் தோமினேன்னு சொன்ன வீட்டுப் புள்ளை" என்று பூரித்துப்போவான். பெயர் தெரியாதவனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பது விதாலிஸுக்குத் தெரியும். எப்படிச் சொல்வது?

கடைசியில் உடைத்தது லார்கியுஸின் பெயர்சொல்லிக் கிழவன். எஜமானின் தோளோடு தோளாக நடந்து, எதிரே வருகிறவன் பெயரைக் காதில் ஊதுவதுதான் அவன் வேலை. காது மந்தமானதும் வேறொருவனை வைத்துவிட்டார்கள். ரொட்டி வாங்க வந்த இடத்தில் கிழவன் பேச்சுவாக்கில் சொன்னான்: "உன் பேரை நான் ஒருநாளும் ஊதினதில்லப்பா. ரொட்டிக்காரன் பேரு எனக்கெதுக்குன்னு மொதல் நாளே சொல்லிட்டாரு."

மாஸ்க்லுஸ் அன்று இரண்டு அடுப்பு ரொட்டியைக் கருக்கினான்.

அது தேர்தல் மாசம். லார்கியுஸ் ஊர்த் தலைமைக்கு நின்றார். ரொட்டிக்காரர்கள் சங்கத்துக்கு மாஸ்க்லுஸ்தான் தலைவன். 'ரொட்டிக்காரர்கள் லார்கியுஸுக்கு வாக்குக் கேட்கிறார்கள்' என்று எழுத, கடைக்கு எதிர்ச்சுவரில் விதாலிஸ் வெள்ளையடித்து வைத்திருந்தான். சிவப்புச் சாயமும் தயார். மாஸ்க்லுஸ் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். நாளைக்கு லார்கியுஸ் நேரில் வருகிறாராம். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுதலாம், இல்லையென்றால் இல்லை என்றான். எழுதாவிட்டால் கடை போய்விடுமே என்றான் விதாலிஸ். போகட்டும் என்றான் அவன்.

சேதி தெருவெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் காலையில் திருவிழாக் கூட்டம். சலவைக்காரர்கள் தொட்டியிலிருந்து அப்படியே ஈரக்காலோடு ஓடிவந்தார்கள். மாடியெல்லாம் தலை. சொல்வார், சொல்லமாட்டார் என்று பந்தயம் வேறு. விதாலிஸ் ஏணி உச்சியில் தூரிகையோடு உட்கார்ந்திருந்தான். 

லார்கியுஸ் வந்தார். தேர்தலுக்கு நிற்கிறவர்கள் போடும், சுண்ணாம்பு பூசிய வெள்ளை அங்கி கண்ணைப் பறித்தது. புதுப் பெயர்சொல்லி பின்னால் ஓடிவந்தான். மாஸ்க்லுஸைப் பார்த்து முழித்தான். லார்கியுஸ் காதைச் சாய்த்தார். ஒன்றும் விழவில்லை. உடனே இரண்டு கையையும் விரித்தார்.

"தோமினே! சௌக்கியமா?"

கூட்டம் 'உஸ்' என்றது. மாஸ்க்லுஸ் அசரவில்லை. அவன் நல்லவன், இன்னொரு வாய்ப்பு கொடுத்தான். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஒன்றை, அச்சு மேலே தெரியும்படி, கடை மேடையில் அவர் முன்னால் வைத்தான். பெயர் பளிச்சென்று இருந்தது. மாடியில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. சலவைக்காரி ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவன் அவள் வாயைப் பொத்தினான்.

லார்கியுஸ் ரொட்டியைப் பார்த்தார். எடுத்தார். பெயரின் குறுக்கே இரண்டாகப் பிய்த்து மென்றார்.

"அருமை, தோமினே. சுவத்துல நம்ம பேரு எப்ப வருது?"

"இன்னைக்கே வருதுங்க" என்றான் மாஸ்க்லுஸ்.  "என் பேருல பாதி உங்க பேருதாங்க. அந்தப் பாதியாவது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

லார்கியுஸ் பெயர்சொல்லியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். ரொட்டி வாய்க்குள்ளேயே நின்றது. எங்கோ ஒருவன் களுக்கென்று சிரிக்க, தெருவே வெடித்தது. அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

மாஸ்க்லுஸ் ஏணியடிக்கு ஓடிவந்து வாசகம் சொன்னான். விதாலிஸ் கை பறந்தது. ஆளுயர எழுத்து: 'பெயர் தெரியாத தோமினேக்கள் அனைவரும் லார்கியுஸுக்கு வாக்குக் கேட்கிறார்கள்.'

சாயம் காய்வதற்குள் ஊர் பாதி வந்து படித்துவிட்டது. படிக்கத் தெரியாதவனுக்குத் தெரிந்தவன் கத்திச் சொன்னான். "நானும் தோமினேதான்!" என்று மீன்காரன் ஒருவன் மார்தட்டினான். பத்தொன்பது வருஷக் கோபம் கை வழியாக இறங்கிப்போன சுகத்தில் விதாலிஸ் ஏணியிலேயே சிரித்துச் சிரித்து, சாயச் சட்டியைத் தவறவிடப் பார்த்தான்.

பிறகுதான் பயம் வந்தது. கீழே இறங்கி, காதோடு காதாகச் சொன்னான். இதில் மாஸ்க்லுஸ் பெயர் இல்லை. யார் எழுதச் சொன்னது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். குடிகாரன் எவனோ செய்தான் என்று போய்விடும். கடையும் தப்பும்.

மாஸ்க்லுஸ் மாவுக் கையால் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, சுவரைப் பார்க்க நிறுத்தினான்.

"பேரில்லாம தப்பிக்கவாய்யா இவ்வளவும் செஞ்சேன்? ஏறு. அடியில என் பேரை எழுது. மூணு பேரையும் எழுது. ஒவ்வொரு எழுத்தும் ரொட்டி அகலம் இருக்கணும்."