பெட்டியின் மேல் எந்த நிறம்

ஞாயிறு காலை ஒன்பது பத்து. ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில், இறுதிக்கிரியைகள் நடக்கும் ஒரு மலர்ச்சாலையின் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தவை இரண்டு கொடிகள். ஒன்று பச்சையும் வெள்ளையும். மற்றது கருஞ்சிவப்பும் பொன்னிறமும். அவற்றை மடித்துக் கையில் வைத்தபடி, பனிச் சப்பாத்தைக் கழற்றாமல், இருவர் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றார்கள். உள்ளே பெட்டியில் கிடத்தப்பட்டிருந்தவர் அந்தக் கொடிகளுக்குரிய இரண்டு கல்லூரிகளுக்கும் பழைய மாணவர்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்று பெயர்கொண்ட பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் ரொறன்ரோவில் பெருகியிருந்தன. உறுப்பினர் ஒருவர் இறந்தால் கல்லூரிக் கொடியைப் பெட்டியின் மேல் விரிப்பார்கள். நாடுகள் தங்கள் போர்வீரர்களுக்குச் செய்வது அது. நிறங்களுக்கான விளக்கங்களும் வேறுபடுவதில்லை. கனடாக் கொடியின் சிவப்புக்கும் வெள்ளைக்கும் பத்திரிகையில் நான் எழுதிய தியாகம், தூய்மை என்ற சொற்கள் பிறகு ஒரு கல்லூரியின் ஆண்டு மலரில் அதன் கொடிக்கும் பொருந்தின.

இறந்தவரின் மனைவி மரண அறிவித்தல் கொடுக்கத் தொலைபேசியில் அழைத்தபோது, கல்லூரிப் பெயர் எதுவும் போட வேண்டாம் என்றார்.

"கொடியும் போட விடமாட்டன், தம்பி. அவர் சொன்னவர். எந்த நிறத்தைப் போட்டாலும் மற்றப் பக்கத்துக்கு நான் துரோகி எண்டு. வாற பெரிய மனுசருக்கு இதை எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை."

பத்தாம் வகுப்புவரை அவர் பச்சைக் கல்லூரி. கடைசி இரண்டு வருடங்கள் சிவப்புக் கல்லூரி. இரண்டுக்கும் இடையே வருடாவருடம் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தில், முன்பு படித்த கல்லூரிக்கு எதிராகச் சதம் அடித்தார். அந்தக் கதையை நான் இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறேன்.

"சின்னனிலயிருந்து எங்கட பிள்ளை," என்றார் மலர்ச்சாலை வாசலில் நின்ற பச்சைக் கொடிக்காரர்.

"ஓம். நூறு அடிச்சது எங்கட தொப்பியோட," என்றார் சிவப்புக் கொடிக்காரர்.

"ஆள் பிடிக்கிறதில நீங்கள் அப்பவே கெட்டிக்காரர்."

"வச்சிருக்கத் தெரியாமல் விட்டுட்டு, இப்ப கொடியோட வாறியள்."

இருவரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவரை ஒருவர் முந்தவிடாமல், தோளோடு தோளாக உள்ளே போனார்கள். நான் பின்னால் போனேன். பெட்டியருகில் இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். இறந்தவர் ஊதாக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அதில் வெள்ளிக் கோடுகள்.

"உது எந்தக் கொலிஜின்ர நிறம்?" என்றார் சிவப்புக் கொடிக்காரர்.

ஊரிலே அந்த நிறத்தில் மூன்றாவது கல்லூரி ஒன்று இருந்தது.

"உந்தக் கொலிஜ்காரர் விடியவே வந்து கட்டிப்போட்டாங்கள்," என்றார் மற்றவர். அன்று காலை இருவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்.

தலைமாட்டில் நின்ற மகள் திரும்பினாள். "இல்லை, அங்கிள். இது என்ர கொலிஜின்ர நிறம். இஞ்ச, ரொறன்ரோவில. நான் வொலிபோல் ரீம்."

தாய் எழுந்து வந்தார். "பிறம்ரனில நைற் வேலை முடிச்சுப்போட்டு, நித்திரையும் கொள்ளாமல், இவளின்ர ஒவ்வொரு மச்சுக்கும் இதைக் கட்டிக்கொண்டுதான் போறவர். அவர் தானாத் தேடி வாங்கின நிறம் இது ஒண்டுதான், அண்ணை. இதுக்கு மேல ஒண்டும் போட வேண்டாம்."

சொல்லிவிட்டு, பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பச்சைக் கொடிக்காரர் மகளிடம் கேட்டார்:

"ஊதாவுக்கு என்ன கருத்து, பிள்ளை?"

"தெரியாது, அங்கிள். ஒருத்தரும் சொல்லேல்லை. ஜஸ்ற் கலர்ஸ்."

ஐயர் வந்தார். கிரியைகள் முடிந்தன. வாய்க்கரிசி போட வரிசை நின்றபோது, கொடிகளைக் கதிரைகளில் வைத்துவிட்டு அந்த இருவரும் அதில் நின்றார்கள். பதினொரு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். மேலே எதுவும் விரிக்கவில்லை.