இரண்டாவது ரிவால்வர்

துப்பாக்கி உரிமம் கைக்கு வந்தால் தூக்கமும் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. டெல்லியில் அரசுப் பொறியாளன் நான். ஒப்பந்தக்காரர் ஒருவர் கட்டடத்தில் கம்பியைக் குறைத்துப் போட்டிருந்தார். அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிறகு ஒருவன் போனில் கூப்பிட்டு, என் மகளின் பள்ளிப் பேருந்து ஆர்.கே.புரத்தில் எத்தனை மணிக்கு வந்து நிற்கும் என்று எனக்கே சொன்னான். போலீஸில் புகார் கொடுத்தேன், உரிமத்துக்கும் விண்ணப்பித்தேன்.

உரிமம் வந்ததும் துப்பாக்கிக் கடைக்குப் போனேன், மனைவியும் கூட வந்தாள். கடைக்காரர் பச்சைத் துணியை விரித்து மூன்று ரிவால்வர்களை வைத்தார். முதலாவது அரசுத் தொழிற்சாலையில் செய்தது. நல்ல கனம், விசையை இழுத்தால் விரல் வலித்தது. மூன்றாவது யாரோ விற்றுவிட்டுப் போன பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி. சிலிண்டர் லேசாக ஆடியது. இரண்டாவது தனியார் கம்பெனியுடையது. கைக்கு அடக்கமாக இருந்தது, விசை வெண்ணெய்தான். குண்டில்லாமல் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன். சமயத்தில் வெடிக்காமல் காலை வாரிவிடுமா என்று நாலு தடவை கேட்டேன். துப்பாக்கி யாரையும் ஏமாற்றாது சாப் என்று அவர் இந்தியில் சொல்லிச் சிரித்தார். இரண்டாவதை எடுத்து வைக்கச் சொன்னேன். உரிமத்தின் அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்ததால் மறுநாள் வரச் சொன்னார்.

வெளியே வந்தால் என் காரை அடைத்துக்கொண்டு இன்னொரு கார். அரை மணி நேரம் கழித்து அதன் சொந்தக்காரன் குல்ச்சா ரொட்டியை மென்றுகொண்டே வந்தான். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம். வார்த்தை தடித்தது. அவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான்.

என் வலது கை இடுப்புக்குப் போனது. அங்கே பெல்ட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் ஆள்காட்டி விரல் கடையில் பழகிய அதே அளவுக்கு மடங்கியது. அவன் கவனிக்கவில்லை. என் மனைவி கவனித்தாள்.

காரை எடுத்துக்கொண்டு மோதி பாக் தாண்டினோம். அவள் நிதானமாகக் கேட்டாள்: "இப்ப அது உங்க இடுப்புல இருந்திருந்தா, அந்த ஆளு உசுரோட வீட்டுக்குப் போயிருப்பானா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. மகளை நானே பள்ளியில் கொண்டுபோய் விட்டேன், இப்போதும் விடுகிறேன். சிக்னலில் ஏதாவது பைக் பக்கத்தில் வந்து நின்றால், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.